பாட்டு கேட்கிறது, பட்டன் வேலை செய்யவில்லை! போனுக்கு ஏற்ற இயர்போன் வாங்குவது எப்படி?

புதிதாக இயர்போன் வாங்கி வருகிறீர்கள். போனில் செருகினால் பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஒயரில் இருக்கும் நடு பட்டனை அழுத்தினால் பாட்டு நிற்கிறது. ஆனால் அதற்கு மேலும் கீழும் உள்ள வால்யூம் பட்டன்களை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. கடைக்குத் திரும்பிப் போனால், "பீஸ் நல்லாத்தான் இருக்கு சார், உங்க போன்தான் சப்போர்ட் பண்ணல" என்று பதில் வருகிறது. பாக்கெட் பிரித்ததைத் திரும்ப எடுத்துக் கொள்ளவும் மாட்டார்கள்.

கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். இயர்போனிலும் பழுது இல்லை, போனிலும் பழுது இல்லை. இரண்டும் வேறு வேறு பாஷை பேசுகின்றன, அவ்வளவுதான். எந்த போனுக்கு எந்த பாஷை என்பதைத் தெரிந்து கொண்டால் கடையிலேயே இரண்டு நிமிடத்தில் சோதித்து வாங்கிவிடலாம்.

இந்த பட்டன் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். எங்கள் ஓரிக்கையில் கேட்டுப் பாருங்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய இந்த ஊரில் பட்டுத்தறி உள்ள வீடுகள் பல. குழித்தறியில் உட்கார்ந்தால் நெய்பவரின் இரண்டு கால்களும் குழிக்குள் மிதியின் மேல் இருக்கும். ஒரு கை நாடாவை எறியும், மறு கை பலகையை இழுத்து அடிக்கும். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் எதிர்ப்பக்கம் நாடா தள்ள இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். நடுவில் போன் அடித்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பாவு தரும் முதலாளியாக இருக்கலாம், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று அழைப்பதாகவும் இருக்கலாம். போனைக் கையில் எடுத்து, திரையைத் தேய்த்து, பேசி முடித்து, மறுபடி கையைத் துடைத்துக் கொண்டு பட்டு இழையைத் தொடுவதற்குள் வேலையின் ஓட்டம் போய்விடும். காதோரம் தொங்கும் ஒரு பட்டன் இதையெல்லாம் மிச்சப்படுத்துகிறது. சமையல் கட்டில் நிற்பவர்களுக்கும், தையல் மிஷினில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

கறுப்பு வளையங்களை எண்ணுங்கள்

முதலில் போனில் வட்டமான 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் இது இன்னமும் இருக்கிறது. இருந்தால், இயர்போனின் உலோக முனையைக் கவனியுங்கள். உலோகத்தின் குறுக்கே மெல்லிய வளையங்கள் தெரியும். பெரும்பாலும் கறுப்பாக இருக்கும், சிலவற்றில் வெள்ளை. இரண்டு வளையம் என்றால் உலோகப் பகுதிகள் மூன்று: இடது காது, வலது காது, பொதுவான எர்த். மைக்குக்கு இடமே இல்லை. வாக்மேன் காலத்து இயர்போன்கள் இந்த வகை. மூன்று வளையம் என்றால் உலோகப் பகுதிகள் நான்கு. நான்காவது மைக்குக்கு உரியது. ரிமோட் பட்டனும் இந்த மைக் ஒயரைத்தான் பயன்படுத்துகிறது. எனவே இரண்டு வளையம் உள்ள முனையில் போனுக்குப் புரியும் ரிமோட் இருக்கவே முடியாது. வால்யூமுக்கு என்று ஒயரில் ஒரு சிறு சக்கரம் இருந்தால், அது ஒலியை ஒயரிலேயே குறைக்கும் சாதாரண ரெசிஸ்டர். அதற்கும் போனுக்கும் சம்பந்தம் இல்லை.

நான்கு பகுதி இருந்தால் மட்டும் போதாது, அவற்றின் வரிசையும் பொருந்த வேண்டும். இதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சி.டி.ஐ.ஏ. என்ற முறையில் நுனியிலிருந்து மூன்றாவது பகுதி எர்த், நான்காவது மைக். ஓ.எம்.டி.பி. என்ற முறையில் இந்த இரண்டும் இடம் மாறி இருக்கும். பழைய நோக்கியா, சோனி எரிக்சன் போன்கள் பலவற்றுடன் வந்தவை இரண்டாவது வகை. இன்றைய ஸ்மார்ட் போன்கள் முதல் வகையைப் பின்பற்றுகின்றன. சில போன்கள் இரண்டையும் தானே கண்டுபிடித்துச் சமாளித்துக் கொள்ளும்.

சமாளிக்காத போனில் பழைய இயர்போனைச் செருகினால் ஒரு வேடிக்கை நடக்கும். வாத்தியங்கள் எங்கோ தூரத்தில் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். எர்த் சரியாகக் கிடைக்காததால், இரண்டு காதுகளுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக் கொண்டு வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. பாடகரின் குரல் வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகவே பதிவாகியிருக்கும், அதனால்தான் அது முதலில் மறைகிறது. அப்போது இயர்போனின் பட்டனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். குரல் திரும்ப வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், இது ஓ.எம்.டி.பி. வகைதான். பட்டன் மைக்கையும் எர்த்தையும் ஒன்றாக இணைப்பதால் தற்காலிகமாக எல்லாம் சரியாகிறது. இந்த இயர்போனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிறிய அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் அதன் விலைக்குப் புது இயர்போனே வந்துவிடும் என்றால் யோசித்துக் கொள்ளுங்கள்.

வால்யூம் பட்டன் ஏன் ஏமாற்றுகிறது?

மைக் வேலை செய்வதற்காக போன் அந்த ஒயரில் இரண்டு வோல்ட் அளவில் ஒரு சிறிய மின்னழுத்தம் கொடுத்துக் கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது மைக்குக்கும் எர்த்துக்கும் இடையில் ஒரு பாதை திறக்கிறது, மின்னழுத்தம் விழுகிறது. எவ்வளவு விழுந்தது என்று போன் அளந்து, எந்தப் பட்டன் என்று முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்ட் போன்களுக்காக கூகுள் வகுத்துள்ள கணக்கு இது: நடு பட்டனுக்கு ஏறக்குறைய 0 ஓம், வால்யூம் கூட்ட 240 ஓம், குறைக்க 470 ஓம். இவை தவிர குரல் கட்டளைக்கு என்று 135 ஓம். ஒவ்வொரு பட்டனுக்குள்ளும் அந்த அளவு ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

ஆப்பிள் வேறு வழியில் போனது. 2009-ல் ஐபோன் 3ஜி.எஸ். உடன் வந்த இயர்போனில் வால்யூம் பட்டன்களுக்குப் பின்னால் ஒரு குட்டி சிப் உட்கார்ந்திருந்தது. காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியாக அது தன் செய்தியை அனுப்பும். ஐபோனுக்கு அது புரியும். ஆண்ட்ராய்டுக்குப் புரியாது. அதேபோல ஆண்ட்ராய்ட் இயர்போனின் 240 ஓமை ஐபோன் கண்டு கொள்ளாது. நடு பட்டன் மட்டும் இரண்டுக்கும் பொது, ஏனெனில் அது வெறுமனே மைக்கையும் எர்த்தையும் சேர்த்து வைக்கிறது.

இந்தச் சண்டையால் பெரிய நிறுவனங்களே ஒரே மாடலை இரண்டு வகையாக விற்றன. சென்ஹைசர் நிறுவனத்தின் மொமென்டம் இன்-இயர் மாடல் ஐபோனுக்கு 'ஐ' என்றும், சாம்சங் கேலக்ஸிக்கு 'ஜி' என்றும் தனித்தனியாக வந்தது. பழைய சரக்கு விற்கும் கடைகளிலும், ஆன்லைனில் தள்ளுபடியிலும் இப்படிப்பட்டவை இன்றும் கண்ணில் படலாம். அட்டைப் பெட்டியில் 'மேட் ஃபார் ஐபோன்' என்று இருந்தால் ஆண்ட்ராய்ட் வைத்திருப்பவர்கள் தள்ளிப் போவது நல்லது. சில இயர்போன்களின் ரிமோட்டில் பக்கவாட்டில் ஒரு நகரும் சுவிட்ச் இருக்கும். அது இந்த இரண்டு பாஷைகளுக்கு இடையில் மாற்றுவதற்குத்தான். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பட்டன் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டும் முன் அதை ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், விலை குறைந்த 3.5 மி.மீ. இயர்போனில் மூன்று பட்டன் தேடுவதை விட ஒற்றை பட்டன் உள்ளதை வாங்குங்கள். எந்த போனை மாற்றினாலும் அது வேலை செய்யும். அந்த ஒரு பட்டனுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் பாட்டு நிற்கும் அல்லது ஓடும், அழைப்பு வந்தால் எடுக்கும், பேசும்போது அழுத்தினால் துண்டிக்கும். வேகமாக இரண்டு முறை அழுத்தினால் அடுத்த பாட்டு. மூன்று முறை அழுத்தினால் ஐபோனில் முந்தைய பாட்டு, ஆண்ட்ராய்டில் நீங்கள் பயன்படுத்தும் மியூசிக் பிளேயரைப் பொறுத்தது. அழுத்திப் பிடித்தால் கூகுள் அசிஸ்டன்ட், ஜெமினி அல்லது சிரி வரும். "அம்மாவுக்குப் போன் போடு" என்று சொன்னால் போனைத் தொடாமலே அழைக்கலாம். வால்யூமை ஒருமுறை போனில் சரியாக வைத்துவிட்டால் பிறகு அடிக்கடி மாற்ற வேண்டி வராது.

வட்டத் துளை இல்லாத போன்கள்

2016-ல் ஐபோன் 7 வந்தபோது ஆப்பிள் 3.5 மி.மீ. துளையை எடுத்துவிட்டது. விலை உயர்ந்த ஆண்ட்ராய்ட் போன்களிலும் ஒவ்வொன்றாக அது மறைந்தது. இப்போது சார்ஜ் போடும் துளையிலேயே இயர்போனையும் செருக வேண்டும். ஐபோன் 5 முதல் 14 வரை லைட்னிங், 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் யு.எஸ்.பி. டைப் சி. ஆண்ட்ராய்டில் எல்லாம் டைப் சி.

டைப் சி-யில் ஒரு பெரிய நன்மை உண்டு. இயர்போனுக்குள்ளேயே ஒலியை மாற்றும் சிப் இருந்தால், அதாவது கடைகளில் 'டேக்' என்று சொல்வது இருந்தால், பட்டன்கள் கீபோர்டில் உள்ள வால்யூம் கீயைப் போல டிஜிட்டலாகச் செய்தி அனுப்புகின்றன. இதில் ஓம் கணக்கும் இல்லை, ஆப்பிள் ரகசியமும் இல்லை. எனவே மூன்று பட்டன்களும் பொதுவாக எல்லா போன்களிலும் வேலை செய்யும்.

ஆனால் டைப் சி முனை இருப்பதெல்லாம் இந்த வகை அல்ல. சில இயர்போன்களிலும், மிக மலிவான அடாப்டர்கள் பலவற்றிலும் உள்ளே சிப் எதுவும் கிடையாது, வெறும் ஒயர்தான். தானே ஒலியை மாற்றித் தரும் போன்களில் மட்டும் அவை பாடும். மற்ற போன்களில் செருகினால் சத்தமே வராது. உங்கள் போன் எந்த வகை என்று மண்டையை உடைத்துக் கொள்ள வேண்டாம். 'டேக்' உள்ளது என்று பெட்டியில் எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். அடாப்டர் வாங்கினால், அதில் உங்கள் பழைய இயர்போனைச் செருகி மைக்கும் பட்டனும் வேலை செய்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பாட்டை மட்டும் கடத்திவிட்டு பட்டனை விழுங்கிவிடும் அடாப்டர்கள் நிறைய உண்டு.

ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்கள் சிலவற்றில் டைப் சி இயர்போனைச் செருகியும் சத்தம் வராது. இயர்போன் மேல் பழி போடும் முன் செட்டிங்ஸ் சென்று மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'ஓ.டி.ஜி.' என்று டைப் செய்திடவும். 'ஓ.டி.ஜி. கனெக்ஷன்' என்பதை ஆன் செய்தால் சரியாகிவிடும். சற்று நேரம் எதுவும் செருகாமல் இருந்தால் அது தானாகவே ஆஃப் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளவும்.

லைட்னிங் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் சில லைட்னிங் இயர்போன்கள் செருகியவுடன் ப்ளூடூத்தை ஆன் செய்யச் சொல்லும். ஒயர் இருக்க ப்ளூடூத் எதற்கு? அது லைட்னிங் துளையிலிருந்து மின்சாரத்தை மட்டும் எடுத்துக் கொண்டு, ஒலியை ப்ளூடூத் வழியாக வாங்குகிறது! வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒயரின் தொல்லையும் ப்ளூடூத்தின் தொல்லையும் சேர்ந்தே கிடைக்கும்.

ப்ளூடூத் என்றால்?

பட்டன் பொருத்தத்தைப் பொறுத்தவரை ப்ளூடூத்தில் தலைவலி குறைவு. ஏ.வி.ஆர்.சி.பி. என்ற பொதுவான விதிமுறை இருப்பதால், நிறுத்து, ஓட்டு, அடுத்தது, முந்தையது ஆகிய கட்டளைகள் ஐபோன், ஆண்ட்ராய்ட், கம்ப்யூட்டர் என எல்லாவற்றுக்கும் புரியும். எத்தனை முறை தட்டினால் என்ன நடக்கும் என்பதை மாற்றி அமைக்க மட்டும் அந்தந்த நிறுவனத்தின் ஆப் தேவைப்படும். அந்த ஆப் உங்கள் போனுக்குக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்து விடுங்கள்.

வால்யூமில் மட்டும் ஒரு சிக்கல் வருவதுண்டு. ஒரு படி கூட்டினாலே காது கிழியும், ஒரு படி குறைத்தால் கேட்கவே கேட்காது. போனின் வால்யூமும் இயர்போனின் வால்யூமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதே காரணம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன் சென்று பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். (சில நிறுவனங்களின் போன்களில் பில்ட் நம்பருக்குப் பதில் வேறு பெயர் இருக்கும்.) அதில் 'டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்' என்பதை ஆன் செய்திடவும். இயர்போனை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைத்தால் இரண்டு வால்யூமும் தனித்தனியாகிவிடும். அங்கே உள்ள வேறு எதையும் தொட வேண்டாம்.

தறியில் உட்காருபவர்களுக்குத் தனித்தனியாகக் காதில் செருகும் இயர்பட்டை நான் சொல்ல மாட்டேன். அதில் இருப்பது பெரும்பாலும் தொடு பரப்பு. காதில் சரி செய்யத் தொட்டாலே பாட்டு நிற்கும், வந்த அழைப்பு துண்டாகும். கழன்று விழுந்தால் நேரே குழிக்குள்தான். கழுத்தில் மாட்டும் நெக்பேண்டில் அழுத்தினால் 'டக்' என்று உணரக்கூடிய நிஜமான பட்டன்கள் உண்டு. கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். ஒயரும் பாவின் மேல் தொங்காது. ஒயர் உள்ளதையே பயன்படுத்துபவர்கள், ஒயரை முதுகுப் பக்கமாகச் சட்டைக்குள் விட்டு, பட்டன் உள்ள இடத்தை மட்டும் காலரில் கிளிப் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். பட்டு இழையில் ஒயர் சிக்கினால் நஷ்டம் இயர்போனின் விலையோடு நிற்காது.

எதிரில் இருப்பவர் சொல்வது கேட்க வேண்டும் என்பதற்காகப் பலர் ஒரு காதில் மட்டுமே செருகிக் கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஸ்டீரியோ பாட்டில் பாதி வாத்தியம் மறு காதோடு போய்விடும். இதற்கு வழி உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி சென்று 'மோனோ ஆடியோ' என்பதை ஆன் செய்திடவும். ஐபோனில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ பகுதியில் அதே பெயரில் இருக்கும். இரண்டு பக்கத்து ஒலியும் ஒரே காதில் முழுதாகக் கேட்கும். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றிக் கொண்டே போகாதீர்கள். 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. நாள் முழுதும் காதில் மாட்டியிருப்பவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் என்பது சுலபமாக வந்துவிடும்.

கடையில் இரண்டு நிமிடம்

காஞ்சிபுரம் பேருந்து நிலையம் பக்கமோ, உங்கள் ஊரிலோ, எந்தக் கடையானாலும் உங்கள் போனிலேயே சோதித்து வாங்குங்கள். கடையில் இருக்கும் போனில் காட்டுவதை ஏற்க வேண்டாம். தடிமனான கவரைக் கழற்றாமலே செருகிப் பாருங்கள். கவர் தடுத்தால் முனை முழுதாக உள்ளே போகாது, அப்போதும் பட்டன் வேலை செய்யாது. ஒரு பாட்டை ஓடவிட்டு மூன்று பட்டன்களையும் அழுத்துங்கள். பிறகு உடன் வந்தவரின் போனிலிருந்து உங்களுக்கு அழைக்கச் சொல்லி, பட்டனால் எடுத்து, பேசி, பட்டனாலேயே துண்டியுங்கள். பாட்டு மட்டும் கேட்டுவிட்டு வாங்கி வருபவர்கள்தான் வீட்டுக்குப் போய் மைக்கில் குரல் போகவில்லை என்று அலைகிறார்கள். ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனையைப் பார்சல் வந்த அன்றே செய்து விடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிடக் கூடாது.

நன்றாக இருந்த பட்டன் திடீரென்று நின்று போனால் துளைக்குள் பாருங்கள். பட்டுப் பஞ்சும் தூசியும் உள்ளே அடைந்திருக்கும். போனை ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசி, சேஃப்டி பின் கூடாது. கேட்காமலே அசிஸ்டன்ட் வந்து "சொல்லுங்கள்" என்கிறதா, பாட்டு தானாக நின்று நின்று ஓடுகிறதா? வியர்வையோ ஈரமோ முனையிலோ பட்டனுக்குள்ளோ இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் மின்சாரத்துக்குப் பாதை விடுவதால் யாரோ பட்டனை அழுத்துவதாக போன் நினைத்துக் கொள்கிறது. துடைத்து, காற்றில் நன்கு உலரவிட்டுப் பிறகு செருகவும்.

கம்ப்யூட்டரிலும் இதே இயர்போனா?

லேப்டாப்பில் ஹெட்செட் படம் போட்ட ஒற்றைத் துளை இருந்தால் போன் இயர்போனை அப்படியே செருகலாம், பாட்டும் மைக்கும் வேலை செய்யும். டெஸ்க்டாப்பில் வழக்கமாகப் பச்சை, ரோஸ் என இரண்டு துளைகள் இருக்கும். அதற்கு ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கேபிள் வேண்டும். கடையில் கேட்கும்போது 'ஹெட்போன், மைக் ஸ்ப்ளிட்டர்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் ஸ்ப்ளிட்டர் என்றால் இரண்டு பேர் சேர்ந்து பாட்டு கேட்கும் கேபிளைக் கொடுத்துவிடுவார்கள். செருகிய பின் விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் சென்று இன்புட் பகுதியில் உங்கள் மைக் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளவும். 3.5 மி.மீ. இயர்போனின் ரிமோட் பட்டன்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பொதுவாக வேலை செய்யாது, அது பழுதல்ல. சிப் உள்ள டைப் சி இயர்போனைக் கம்ப்யூட்டரின் டைப் சி துளையில் செருகினால் வால்யூம் பட்டன்கள் அங்கேயும் இயங்கும்.